ரெண்டர் ஓடுது

ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் அந்த மாடி வீட்டில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் யாரும் மிக்ஸி போடக் கூடாது. தண்ணீர் மோட்டார் போடக் கூடாது. இஸ்திரிப் பெட்டி பக்கமே போகக் கூடாது. டிவி பார்க்கலாம், ஆனால் சத்தம் குறைச்சலாக. யாரோ பெரிய பரீட்சைக்குப் படிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மாடியில் ரஞ்சனிக்கு ரெண்டர் ஓடுகிறது, அவ்வளவுதான்.

ரஞ்சனி கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். தில்லைநகரில் ஸ்டுடியோ வைத்திருக்கிற டோனி, ஒரு கல்யாணத்தை அப்படியே ஹார்டு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தனுப்பிவிடுவார். தாலி கட்டுகிற நேரம் பார்த்துக் கேமராவுக்குக் குறுக்கே வந்த சித்தப்பாவை வெட்டுவதும், பந்தியில் வாய் நிறைய லட்டோடு மாட்டிக்கொண்ட அத்தைகளைக் காப்பாற்றுவதும், மாலை மாற்றும்போது பூ உதிர்வதை ஸ்லோ மோஷனில் போடுவதும் இவள் வேலை. வெட்டி ஒட்டியதையெல்லாம் கடைசியில் கம்ப்யூட்டர் ஒரே படமாகச் சமைத்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பேர்தான் ரெண்டர். அவளுடைய பத்து வருஷத்துப் பழைய லேப்டாப்புக்கு அதைச் செய்து முடிக்க நாலு மணி நேரம் ஆகும்.

அந்த நாலு மணி நேரமும் கரண்ட் போகக் கூடாது. பேட்டரி செத்து மூன்று வருஷம் ஆகிறது. வீட்டு வயரிங் மாமனார் காலத்தது. மோட்டாரும் மிக்ஸியும் ஒன்றாக ஓடினால் டப்பென்று எல்லாம் அணைந்துவிடும். போதாக்குறைக்குச் சார்ஜர் பின் ஆட்டம். ஒரு விரலால் அதை லேசாக அழுத்திக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

மாமியார் வேலம்மாளுக்கு ரெண்டர் என்றால் என்னவென்று இன்று வரை தெரியாது. ஆனால் அதன் மேல் ஒரு பயபக்தி உண்டு. வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, வீட்டில் யாருக்கோ அம்மை போட்டிருக்கிற மாதிரி, "மெதுவா பேசுங்க, மருமவளுக்கு ரெண்டர் ஓடுது" என்பார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பேத்திக்கும் அதே சட்டம். இரண்டாம் வகுப்புதான் படிக்கிறது. ஆனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும்.

காலை நாலரைக்கு எழுந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் யாராவது ரஞ்சனியைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். சீப்பு எங்கே, மாத்திரை எங்கே, மஞ்சள் பொடி எங்கே. இவள் பேர் என்ன, தொலைந்த சாமான் கண்டுபிடிக்கிற மந்திரமா? ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, மத்தியானம் இரண்டிலிருந்து ஆறு வரை, உலகத்தில் ஒருத்தரும் அவளைக் கூப்பிடுவதில்லை. அந்த நேரத்தில் அவள் வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

மனசுக்குள்தான். ஜன்னலுக்கு வெளியே வாழைத் தோட்டம், அதற்கு அப்பால் கரை, கரைக்கு அப்பால் கொள்ளிடம். அந்த மணலில், நட்ட நடு ஆற்றில், யாரிடமும் அனுமதி கேட்காமல் அவள் கடைக்கால் தோண்டி மூன்று வருஷம் ஆகிறது. அவசரமே கிடையாது. ஒரு ரெண்டருக்கு இரண்டு வரிசை செங்கல். ஒவ்வொரு கல்லையும் தண்ணீரில் முக்கி எடுப்பாள். கல் தண்ணீரைக் குடிக்கும்போது வருகிற அந்தச் சின்னச் சத்தம் காதில் விழும். நனைந்த செங்கல் வாசனை நிஜமாகவே மாடி அறைக்குள் வரும். விரல் சார்ஜர் பின்னில், கண் வாழை இலையில், ஆள் ஆற்றுக்குள். மொத்தம் பதினோரு ஜன்னல். ஆற்றில் தண்ணீர் வந்தால் வீட்டை இடிக்காமல் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் போவதற்கு நடுவில் ஒரு வழி விட்டிருந்தாள். சில நாள் தண்ணீர் வரும். அவள் கணுக்கால் நனைய நின்று அதை அனுப்பிவைப்பாள். ஒரு தடவை கொக்கு ஒன்று வந்து ஜன்னல் விளிம்பில் நின்று பார்த்துவிட்டுப் போனது. அந்த வீட்டில் சமையலறை கிடையாது. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான் விட்டிருந்தாள். சுவர் இப்போது ஜன்னல்களின் தலை உயரத்துக்கு வந்துவிட்டது.

அந்த உயரத்தில்தான் லேப்டாப் மண்டையைப் போட்டது.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தக் கல்யாணம் ஒன்று எழுபத்தோரு சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது கருகல் வாசனை வந்தது. திரை கறுத்தது. ரஞ்சனி ஆற்றிலிருந்து அறைக்கு வந்து சேரவே ஒரு நிமிஷம் ஆயிற்று.

கணவன் முருகானந்தம் துவாக்குடி பக்கம் இரும்புச் சாமான் செய்கிற ஒரு பேப்ரிகேஷன் யூனிட்டில் சூப்பர்வைசர். நல்ல மனுஷன். எது கெட்டுப்போனாலும் அதை முன்பு இருந்ததைவிட நன்றாக ஆக்கிவிட வேண்டும் என்று நினைக்கிற ஜாதி. லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாவம் நீ. மூணு வருஷமா இதைக் கட்டிக்கிட்டு மணிக்கணக்கா உக்காந்து கெடக்க. நான் ஒரு மடையன், கண்டுக்காமலே இருந்துட்டேன்" என்றான். "ஆடி மாசம் கல்யாணம் கெடையாது. அதுக்குள்ள ஒரேயடியா வேகமா ஆக்கிரலாம்."

"சும்மா ரிப்பேர் மட்டும் பண்ணா போதுங்க."

"நீ சும்மா இரு. ரெண்டு மாசம் ஓவர்டைம் பாத்த காசு இருக்கு. உனக்குச் செலவழிக்காம யாருக்கு?"

இந்த அன்புக்கு என்ன பதில் சொல்வது? திட்டினால் திருப்பித் திட்டலாம். ரஞ்சனி லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் பின்னால் ஏறினாள்.

பாலக்கரையில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஸ்டீபன்ராஜின் கடை. முப்பது வயது இருக்கும். நெற்றியில் ஒரு சின்ன விளக்கைக் கட்டிக்கொண்டு குனிந்தால் பேச மாட்டான். நிமிர்ந்தால் நிறுத்த மாட்டான். இருபது திருகாணிகளையும் கழற்றி, எது எந்த இடத்துக்கு என்று தாளில் ஒட்டிவைத்துவிட்டு அடிமூடியைத் திறந்தான். மின்விசிறிக்கு மேல் தூசி கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. இடுக்கியால் அதை உரித்து எடுத்தபோது கூடவே நீளமாக ஒரு தலைமுடி சுருள் சுருளாக வந்தது.

"அக்கா, உங்க முடிதான். எத்தனை வருஷமா சுத்திட்டு இருந்துச்சோ!"

ரஞ்சனிக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னை யாரோ திறந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

மதர்போர்டை வெளியே எடுத்து விளக்கடியில் வைத்தான். பச்சைப் பலகையில் ஒரு மூலை பழுப்பாக வெந்திருந்தது. "கரண்ட் உள்ள வர்ற எடம் மொத்தமா போச்சு சார். இதை ஒட்டுப்போட்டா ஆறு மாசம்கூடத் தாங்காது. இதே மாடல், ஸ்க்ரீன் உடைஞ்ச லேப்டாப் ஒண்ணோட போர்டு எங்கிட்ட இருக்கு. அதைப் போட்டுரலாம். ப்ராசஸரும் நல்லவேளையா இந்த மாடல்ல கழட்டி மாட்டுற மாதிரி இருக்கு. பழசு ரெண்டு கோர். நாலு கோர், அதாவது நாலு மூளை உள்ளது போடுறேன். மூச்சை அடைச்ச தூசியும் போயிருச்சு. பறக்கும். பேட்டரிதான் இந்த மாடலுக்கு இப்ப நல்லதா வர்றதில்ல. அது இல்லாமலே ஓட்டிக்கோங்க."

"ரெண்டர் எவ்வளவு நேரத்துல ஆகும்?" என்று முருகானந்தம் ஆசையாகக் கேட்டான்.

"நாலு மணி நேரமா ஆகுது இப்ப? அட, முக்கால் மணி நேரம்கூட ஆகாது சார்."

முருகானந்தம் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. ரஞ்சனி மனசுக்குள் கணக்குப் போட்டாள். முக்கால் மணி நேரத்தில் கரை இறங்கி மணலில் நடந்து போய்ச் சேர்வதற்கே சரியாக இருக்கும். கொத்தனார் கரண்டியைக் கையில் எடுப்பதற்குள் திரும்பி வரச் சொன்னால் எப்படி?

புதுப் போர்டை உட்காரவைத்து, பழைய ப்ராசஸரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தான். விரல் நகம் அளவு சில்லு. மூலையில் இருந்த முக்கோணப் புள்ளியைப் போர்டில் இருந்த முக்கோணத்தோடு சேர்த்து, அழுத்தாமல், தானாக இறங்கவிட்டான். மேலே ஒரு கடுகளவு பசை. அதற்கு மேல் சூட்டை இழுக்கிற செம்புக் குழாய். சார்ஜரைச் செருகிப் பட்டனை அழுத்தினான்.

விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. திரை கறுப்பாகவே இருந்தது.

இன்னொரு தடவை அழுத்தினான். கறுப்பு.

ரஞ்சனியின் நெஞ்சில் யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி காற்று வந்தது. வேண்டாம், வர வேண்டாம், இந்தப் புதுசு வரவே வேண்டாம் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கணவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அந்தக் கறுப்புத் திரையில் தன் முகமும், முகத்துக்குப் பின்னால் ஜன்னலும், ஜன்னலுக்குள் வெறும் வானமும் தெரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்குள் இருந்த சத்தமெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போயிருந்தது.

"ஓ!" என்று ஸ்டீபன்ராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டான். "போர்டுக்கு இந்த ப்ராசஸரை யாருன்னே தெரியல. போர்டை எழுப்பிவிடுற ப்ரோக்ராம், பயாஸ்னு சொல்வோம், அது பழசு. மொதல்ல பழைய ப்ராசஸரை வச்சு எழுப்பி, பயாஸை அப்டேட் பண்ணிட்டு, அப்புறம் புதுசு வைக்கணும். அவசரப்பட்டுட்டேன்."

பழையதை வைத்தான். எழுந்தது. கால் மணி நேரம் ஏதோ ஏற்றினான். அணைத்து, அதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தான். திரை பளிச்சென்று வெளுத்தது.

"சூப்பர்!" என்றான் முருகானந்தம். "ஆமாங்க" என்றாள் ரஞ்சனி.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்து வீடியோ முப்பத்தெட்டு நிமிஷத்தில் முடிந்தது. புதுப் போர்டில் சார்ஜர் பின்கூட ஆடவில்லை. விரலுக்கும் வேலை போயிற்று. இரண்டு மணிக்கு உட்கார்ந்தவள் இரண்டு முப்பத்தெட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்து வேலம்மாளுக்கே ஆச்சரியம். "அதுக்குள்ளயா? நல்லதாப் போச்சு. அரிசி ஊற வச்சிருக்கேன், கிரைண்டரைப் போட்டுரு." அடுத்த நாள் பக்கத்து வீட்டு வளைகாப்புக்குத் துணைக்குப் போகச் சொன்னார். அதற்கடுத்த நாள் பரண் சுத்தம். மறுபடியும் ரஞ்சனி, ரஞ்சனி, ரஞ்சனி. டோனிகூட விஷயம் தெரிந்து, "இப்ப ஃபாஸ்டாயிருச்சாமே, கூட ரெண்டு காதுகுத்து அனுப்பவா?" என்று கேட்டுவிட்டார். வேகம் வந்தால் வேலை குறையும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, அவன் கையில் கிடைத்தால் தெரியும்.

படுத்துக்கொண்டு போகலாமா என்று பார்த்தாள். கண்ணை மூடினால் தூக்கம்தான் வந்தது, ஆறு வரவில்லை. சமைக்கும்போது முயற்சி செய்தாள். குக்கர் விசில் ஒவ்வொன்றும் அவளைத் தோளைப் பிடித்து இழுத்து வந்து அடுப்படியில் நிறுத்தியது. ஒரு நாள் முப்பத்தெட்டு நிமிஷத்துக்குள் ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பார்த்தாள். மணல் சுட்டது. சுவர் அங்கேதான் நின்றது. ஆனால் செங்கல் எதுவும் ஈரமாக இல்லை. தொட்டால் துகள் உதிர்ந்தது. அவள் மாடி அறையில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள். இல்லாத வீட்டுக்கு யாராவது அழுவார்களா என்று தன்னையே கேட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதாள்.

கடைசியில் ஸ்டீபன்ராஜுக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்கக்கா. ஹீட் ஆகுதா?"

"இல்ல தம்பி. நல்லா இருக்கு."

"அப்புறம்?"

"கொஞ்சம்... வேகத்தைக் கொறைக்க முடியுமா?"

"எட்டு வருஷமா கடை வச்சிருக்கேன்க்கா. இப்படி ஒருத்தரும் கேட்டதில்ல. செட்டிங்ஸ்ல கொறைக்கலாம். ஆனா எல்லாமே மெதுவாயிரும். எடிட்டிங் பண்றப்பவும் இழுக்கும். ஏங்க்கா, எதாச்சும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல தம்பி, சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டாள். பிறகுதான் உறைத்தது. மெதுவாக்குவதற்கு இவள் யாரிடம் போய்க் கேட்க வேண்டும்? உதிர்கிற பூவை நிறுத்தி நிறுத்தி விழவைக்கிறவள் அல்லவா இவள்!

அன்றைக்கு ரெண்டர் ஓடியபோது திரையை அப்படியே படமாகப் பதிவு செய்துகொண்டாள். பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஒரு நீலப் பட்டை ஊர்ந்து போகிற முப்பத்தெட்டு நிமிஷம். அதை எடிட்டிங்கில் போட்டு நாலு மணி நேரத்துக்கு இழுத்தாள். ஸ்லோ மோஷன். அந்தப் பொய்ப் படத்தை ரெண்டர் செய்து எடுக்க நிஜமாகவே இரண்டு மணி நேரம் ஆனதுதான் வேடிக்கை.

"வேகம் கொஞ்ச நாளைக்குத்தான் போல அத்தை. இப்ப பழையபடி நாலு மணி நேரம் எடுக்குது" என்றாள் மாமியாரிடம். "அவருகிட்டச் சொல்லாதீங்க, பாவம், மனசு கஷ்டப்படுவாரு." வேலம்மாள் உச்சுக் கொட்டினார். "இந்தக் காலத்து சாமான் எதுதான் உருப்படியா இருக்கு? நீ போய் உக்காரு."

நிஜ ரெண்டரை இரண்டு மணிக்கு முன்பே ஓசைப்படாமல் முடித்துவிடுவாள். பிறகு படத்தைத் திரை முழுக்க ஓடவிடுவாள். பட்டை நகர்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு நகரும். விரல் பழக்கத்தில் சார்ஜர் பின்னுக்குப் போகும். வாழை இலைகள் ஒன்றன் மேல் ஒன்று நிழலைப் போட்டுக்கொண்டிருக்கும். எப்போது கரை தாண்டினோம் என்று தெரியாமல் அவள் மணலில் நடந்துகொண்டிருப்பாள். செங்கல் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் திரும்ப வந்துவிட்டது. இரண்டு மூன்று வாரத்தில் ஜன்னல்களுக்கு மேலேயும் சுவர் ஏறியது. ஏணி வைத்துக்கொண்டு கட்டினாள். உச்சியில் நின்றால் ஆறு இரண்டு பக்கமும் தெரிந்தது. எந்தப் பக்கம் எது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

புரட்டாசி பிறக்க நாலு நாள் இருக்கும்போது யூனிட்டில் ஏதோ மெஷின் நின்று முருகானந்தம் பாதி நாளிலேயே வீட்டுக்கு வந்துவிட்டான். மணி மூன்றரை. ரெண்டர் ஓடுகிறது என்று அம்மா வாசலிலேயே மாடியைக் காட்டிச் சைகை செய்தார். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, தானே டீ போட்டு எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் மாடிக்கு வந்தான். இவள் ஆற்றில் இருந்தாள். டம்ளரை மேஜையில் வைத்தபோது அவன் கை மவுஸில் பட்டது.

திரையின் அடியில் வீடியோவை நிறுத்துகிற பட்டனும், அதன் பக்கத்தில் ஓடிய நேரமும் மீதி நேரமும் பளிச்சென்று வந்து நின்றன. நீலப் பட்டை நாற்பத்தோரு சதவீதத்தில் இருந்தது.

நாள் முழுக்க மெஷின்களோடு இருக்கிறவன். அவனுக்குப் புரிய நேரமாகவில்லை. ஆனால் முதலில் அவன் கேட்டது வேறு. "ஏன், சரியா வேலை செய்யலையா? அந்தத் தம்பி ஏமாத்திட்டானா?"

"நல்லா வேலை செய்யுதுங்க" என்றாள் ரஞ்சனி. "அதுதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு."

"புரியல."

"முப்பத்தெட்டு நிமிஷத்துல முடிஞ்சிருது. எனக்கு நாலு மணி நேரம் வேணும். சும்மா உக்காந்திருக்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"என்னன்னு சொல்றது? ஒண்ணும் பண்ணாம உக்காந்திருக்கணும், விடுங்கன்னா?"

"எதுக்கு?" என்றான். கேட்ட பிறகுதான் அவனுக்கே தெரிந்தது, இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவள் சொல்லவில்லை என்று. டீ ஆறிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை குரலைத் தணித்து, "உக்காந்து என்ன பண்ணுவ?" என்று கேட்டான்.

"வீடு கட்டுறேன். மனசுக்குள்ள. கொள்ளிடத்துல."

அவன் சிரிப்பான் என்று காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கரைப் பக்கம் பார்த்தான். கண்ணுக்குத் தெரிகிறதா என்று நிஜமாகவே தேடுகிறவன் மாதிரி பார்த்தான்.

"அந்த வீட்டுல நாங்கல்லாம் இருக்கமா?"

மூன்று வாரமாக எல்லோரிடமும் பொய் சொன்ன வாய்தான். 'ஆமாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் குளிர்ந்து போயிருப்பான். அவளுக்கு வரவில்லை.

"இல்லங்க. யாரும் இல்ல."

முருகானந்தத்தின் முகம் சட்டென்று சுருங்கியது. வலித்திருக்கும், ஏன் வலிக்காது? ரஞ்சனிக்கும் வலித்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவள் முயற்சி செய்யவில்லை. இரண்டு பேரும் அந்த நீலப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நாற்பத்திரண்டாக மாறியது.

கீழேயிருந்து வேலம்மாளின் குரல் வந்தது. "முருகானந்தம்! அவளுக்கு முடிஞ்சிருச்சாப்பா? மோட்டார் போடலாமா? தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல!"

அவன் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"இல்லம்மா! இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். நான் அடிபம்புல அடிச்சுத் தரேன், இருங்க."

ஆறிப்போன டீயைத் தானே எடுத்துக்கொண்டான். கதவைச் சாத்திவிட்டு இறங்கிப் போனான்.

ரஞ்சனி கை நீட்டிப் படத்தை நிறுத்தினாள். லேப்டாப்பை அணைத்து மூடினாள். சார்ஜரைப் பிடுங்கிச் சுருட்டி ஓரமாக வைத்தாள். அறைக்குள் விசிறிச் சத்தம்கூட இல்லை. மணி நாலு ஆக ஐந்து நிமிஷம். வீட்டில் எந்த ரெண்டரும் ஓடவில்லை. ரஞ்சனி சும்மா உட்கார்ந்திருந்தாள்.